அரட்டை அறைகளில் பிள்ளைகளுக்குத் துணை நிற்பவர்களுக்கு

அன்புள்ள தன்னார்வலர்களுக்கு, வணக்கம்.

உங்கள் யாருடைய உண்மைப் பெயரும் எனக்குத் தெரியாது. புனைபெயர்களும் சின்னச் சின்ன முகப்புப் படங்களும்தான் தெரியும். நேரில் வந்து சொல்ல வழியில்லாததால், எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துப் பையன் ஒருவனை நீங்கள் காப்பாற்றினீர்கள். நான் அவனுக்கு அத்தை. இந்த மடலை அவன் முழுவதும் படித்துவிட்டு, "சரி, போடுங்க அத்தை" என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதுரங்கம் விளையாடுகிறவர்கள் கூடும் அரட்டை அறையில், தன் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். சில நாளில் "இங்கே வேண்டாம், வேறு செயலிக்கு வா" என்றார். அங்கே அந்தரங்கப் படம் கேட்டார். படம் போன கையோடு அவனுடைய நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் திரும்பி வந்தது. பணம் அனுப்பு, இல்லையென்றால் இத்தனை பேருக்கும் படம் போகும் என்று மிரட்டல். வீட்டில் யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. அறையின் உதவிப் பகுதியில் மட்டும், கணக்கை அடியோடு அழிப்பது எப்படி என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தான்.

அந்த வரியில் இருந்த பயத்தை உங்களில் ஒருவர் கண்டுகொண்டார். பல பேர் பார்த்திருப்பார்கள்; கணக்கு செட்டிங்ஸ் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், "எப்படி அழிப்பது என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒன்று கேட்கட்டுமா? யாராவது உன்னைத் தொந்தரவு செய்கிறார்களா? இப்போது பத்திரமாக இருக்கிறாயா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் முதல் நன்றி. பெரியவர்கள் நாங்கள் பெரும்பாலும் "ஏன் அங்கே போனாய், ஏன் அனுப்பினாய்" என்றுதான் தொடங்குவோம். அதற்குப் பயந்துதான் பிள்ளைகள் மிரட்டுகிறவன் கேட்டதையெல்லாம் கொடுக்கிறார்கள். நீங்கள் கடைசி வரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. "தப்பு மிரட்டுகிறவர் மேல், உன் மேல் இல்லை" என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

அப்புறம் நீங்கள் சொன்னவற்றை இங்கே எழுதிவைக்கிறேன், வேறொரு வீட்டுக்கும் உதவும். பணம் அனுப்பாதே, அனுப்பினால் மிரட்டல் நிற்காது, கேட்கும் தொகைதான் ஏறும். பதில் எழுதுவதை நிறுத்து. எதையும் அழிக்காதே, மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், அதன் இணைப்பு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அதற்குப் பிறகு செயலியில் புகார் கொடு, பிளாக் செய். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் இன்றைக்கே சொல். அந்தப் பெரியவர் நான். அவன் என்னிடம் வந்தபோது, என்ன சொல்வதென்று உங்களோடு பேசி எழுதிவைத்த நாலு வரியைத்தான் கைப்பேசியில் காட்டினான். காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கப் போனபோது, நீங்கள் பத்திரப்படுத்தச் சொன்ன ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் கையில் இருந்த ஆதாரம்.

அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவையையும் காட்டிக்கொடுத்தீர்கள். 2023 தொடக்கத்திலிருந்து நடக்கும் இந்தச் சேவையை எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால், அதிலிருந்து கைரேகை போன்ற ஒரு எண்கோவையை நம் கருவியிலேயே உருவாக்கி, அதை மட்டும் அனுப்புகிறார்கள்; படம் நம் கையை விட்டுப் போவதில்லை. சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். பெரியவர்களுக்கென்று 2021 இறுதியில் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இதே மாதிரிச் சேவை இருக்கிறது. சேராத தளங்களில் இந்த முறை செல்லாது, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்த தனிச்செய்திகளுக்குள் எட்டாது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று பொய்யாகத் தேற்றியிருந்தால், அடுத்து நீங்கள் சொன்ன எதையும் அவன் நம்பியிருக்க மாட்டான்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது நீங்கள் செய்யாமல் விட்டவை. அந்தப் படத்தைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவனுடைய பள்ளி எது, வீடு எங்கே என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும் தனியாக அவனோடு பேசவில்லை. எப்போதும் இரண்டு பேர் இருந்தீர்கள். வேறு செயலிக்கு வா என்று நீங்கள் கூப்பிடவே இல்லை. "இதை யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டியவர் சொன்னார். "யாரிடமாவது சொல்" என்று நீங்கள் சொன்னீர்கள். ஆன்லைனில் ஒரு பெரியவர் தன்னோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை எங்கள் பையன் அதிலிருந்தே தெரிந்துகொண்டான். எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் எங்களால் அதை இவ்வளவு தெளிவாகப் புரியவைத்திருக்க முடியாது.

அதன்பின் இதைப் பற்றி நிறையப் படித்தேன். ஐஆர்சி என்ற அரட்டை முறையை ஃபின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கியது 1988 ஆகஸ்டில். அங்கேயும் ஒவ்வொரு அறைக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள், எல்லை மீறுகிறவரை வெளியேற்றும் அதிகாரத்தோடு. 1995-இல் நியூயார்க்கின் கார்டியன் ஏஞ்சல்ஸ் அமைப்பிலிருந்து சைபர்ஏஞ்சல்ஸ் என்ற குழு தொடங்கியது. சுரங்க ரயில்களில் ரோந்து போன தன்னார்வ அமைப்பு அரட்டை அறைகளுக்கும் காவலாக வந்துவிட்டது. நீங்கள் செய்வது அப்படி நீண்டுவரும் ஒரு வரிசையில் வருகிறது. அந்தப் பழைய ஆட்களுக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம்.

இந்த வேலைக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலை செய்தவர்கள், அதனால் மனம் பாதிக்கப்பட்டதாக வழக்குப் போட்டார்கள். 2020-இல் 5.2 கோடி டாலருக்கு அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். நீங்கள் அலுவலகம் முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, அதே அழுக்கைச் சம்பளம் இல்லாமல் பார்க்கிறீர்கள். வசவு வாங்குகிறீர்கள். வெளியேற்றப்பட்டவர் புதுக் கணக்கோடு வந்து உங்களையே துரத்துகிறார். "அட்மினுக்கு வேறு வேலை இல்லை" என்று கேலி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. அவர்கள் கண்ணில் படாமல் நீங்கள் நீக்கியவற்றில் ஒன்றாவது அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போயிருந்தால் தெரியும்.

ஆகவே உரிமையோடு ஒன்று கேட்கிறேன். களைப்பாக இருந்தால் உங்கள் முறையை இன்னொருவருக்கு மாற்றிவிடுங்கள். பார்த்தது மனத்தை விட்டுப் போகவில்லையென்றால் உங்களுக்குள் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் போங்கள். அறைகளை நடத்தும் நிறுவனங்களும் இதற்குச் செலவு செய்ய வேண்டும். ஓய்வு எடுப்பது கடமையில் தவறுவது ஆகாது.

உதவி கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் திரும்பி வருவதே இல்லை, அவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமலே போய்விடுகிறது என்று உங்களில் ஒருவர் அவனிடம் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். அவன் பணம் அனுப்பவில்லை. படம் யாருக்கும் போனதாக இதுவரை தெரியவில்லை. கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை; ஆலோசகரிடம் பேசினான், தேறிவிட்டான். பரீட்சை எழுதி முடித்தான். இப்போது மறுபடி சதுரங்க அறைக்கு வருகிறான், பழைய பெயரிலேயே. கண்ணில் பட்டால் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

மனம் நிறைந்த நன்றியுடன்,
அவனுடைய அத்தை