தராசுக் கடையிலிருந்து ஒரு நன்றி மடல்

திருச்சி காந்தி மார்க்கெட் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் மார்க்கெட்டைப் பஞ்சப்பூருக்கு மாற்றுவது பற்றிய மனுவைப் போன வாரம் மாநகராட்சியில் கொடுத்தாயிற்று. சீல் போட்ட நகலை என் கடையில் எடைக்கல் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அதற்காக அலைந்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். முத்திரை போட வேண்டிய தராசுகள் குவிந்து கிடக்கின்றன, அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போடக் கூடாது என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக: 2025 மே மாதம் ஊர் ஓரத்துப் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து நிலையத்தைத் திறந்த அன்றே, பக்கத்தில் 236 கோடி ரூபாயில் காய்கறி அங்காடிக்கும் அடிக்கல் நாட்டினார்கள். அது எழும்பினால் மண்டிகள் அங்கே போகும். அப்போது மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கிற தாராநல்லூர், வரகனேரி, பெரிய கடை வீதியெல்லாம் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. இதற்கு முன்பு இதே மார்க்கெட்டை மாற்றுவதற்காகக் கள்ளிக்குடியில் 77 கோடியில் கட்டி 2017-ல் திறந்த சந்தைக்கு இங்குள்ள வியாபாரிகள் பெரும்பாலும் போகவில்லை. கடை சின்னது, ஊருக்குத் தூரம் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் அப்படித்தான் ஆகும் என்று பலர் சும்மா இருந்தோம். நானும்தான்.

எங்களை உலுக்கியவர் வரகனேரி டீச்சரம்மா. தராசு ரிப்பேருக்கு வந்தவர், “கள்ளிக்குடியும் பஞ்சப்பூரும் ஒண்ணா தம்பி? இங்க பஸ் ஸ்டாண்டையே பக்கத்துல கொண்டுபோய் வெச்சிட்டாங்க. வியாபாரம் தானா போயிடும்” என்றார். மனுவை நான்கு முறை திருத்தி எழுதியதும் அவர்தான். டீச்சரம்மா, உங்கள் சிவப்பு மையைப் பார்த்து இந்த வயதிலும் எனக்குக் கை நடுங்கியது. நன்றி.

அப்புறம், ராத்திரி கண்விழித்த கல்லூரிப் பிள்ளைகள். மார்க்கெட்டை நம்பி ஆயிரம் குடும்பம், பத்தாயிரம் குடும்பம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்லிக்கொண்டிருந்தோம். “யார் வாங்குறாங்கன்னு எண்ணிப் பார்த்தீங்களா அண்ணே?” என்று கேட்டது இவர்கள்தான். நான்கு ராத்திரி, ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை, என் கடை ஷட்டரில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். லாரிக்கு ஒரு பக்கம், லோடு ஆட்டோவுக்கு ஒரு பக்கம், தலைச்சுமைக்கு ஒரு பக்கம். விடியும்போது தலைச்சுமைப் பக்கத்தில் கோடு போட இடமில்லாமல் சுவரில் போட்டிருந்தார்கள். அந்தச் சுவரை இன்னும் துடைக்கவில்லை.

அந்தக் கோடுகளில் ஒன்று தாராநல்லூர் கீரைக்கார அக்கா. மூன்று மணிக்கு நடந்தே வருவார். கத்தரிக்காய், வெண்டைக்காய், இரண்டு கட்டு முருங்கைக்கீரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் அடுக்கி, சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மனுவுக்காக மண்டபத்தில் கூட்டிய கூட்டத்தில் முதலில் பேச மறுத்தவர், கடைசியில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பஞ்சப்பூருக்கு நான் எத்தனை மணிக்கு நடக்க ஆரம்பிக்கணும்?” மண்டபமே அமைதியானது. மொத்த வியாபாரம் போனாலும் சில்லறை இங்கேயே இருக்க வேண்டும், புது அங்காடிக்கு மூன்று மணிக்கே இங்கிருந்து பஸ் வேண்டும், கூடைக்கு அதில் இடம் வேண்டும், அங்கே தரைக்கடைக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்ற நான்கு கோரிக்கையும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

எதிர்த்துப் பேசியவர்களுக்கும் நன்றி சொல்லியே ஆக வேண்டும். தஞ்சாவூர் ரோட்டில் குடியிருக்கும் ஓர் ஐயா, நெஞ்சுவலி வந்த மனைவியை ஏற்றிய ஆம்புலன்ஸ் இரண்டு லாரிகளுக்கு நடுவே நின்ற கதையைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு, லாரியெல்லாம் இங்கேயே வரட்டும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. சென்னையில் மண்டிக் கணக்குப் பிள்ளையாக இருந்த பெரியவர், 1996-ல் அங்கே கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோதும் இதே பேச்சுதான் என்றார். கொரோனா வந்த 2020-ல் மார்க்கெட்டைப் பூட்டி ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்களே, எங்கள் வீதி எப்படிச் செத்துக் கிடந்தது என்று நான் ஆரம்பித்தேன். “அது கொரோனா தம்பி, மார்க்கெட் போனதால இல்ல” என்று வெட்டிவிட்டார். சரி, நியாயம்தான். அந்தப் பத்தியை மனுவிலிருந்து எடுத்துவிட்டோம். (மைதானத்து மழையில் நனைந்த தராசுகளால் அந்த வருஷம் எனக்கு நல்ல வேலை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

மண்டபத்துக்கு வாடகை வாங்காத உரிமையாளர், பாய் விரித்துக் கொடுத்த சுமைப்பணித் தோழர்கள், கண்விழித்த பிள்ளைகளுக்கு நான்கு ராத்திரியும் காசு வாங்காமல் டீ கொடுத்த அண்ணன், எல்லாருக்கும் நன்றி. மைக்கைப் பிடுங்கியவருக்கும்கூட, அவர் பிடுங்கியிராவிட்டால் நான் இன்னும் அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் நகலுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். கூட்டத்தன்று யாரோ விட்டுப்போன எவர்சில்வர் பிளாஸ்க்கும் ஒரு ஜோடிச் செருப்பும் கடையில் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தராசு ரிப்பேர்க் கடைக்காரன்