ஒரு மூலை காய்ந்தால் கவுண்டி முழுவதற்கும் பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மாட்டுப்பண்ணைகளுக்குப் போகும் அரசு மானியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற பட்டியலோடு நின்றுவிட்டது. அந்தத் தொகை எப்படி வருகிறது என்று சொல்லாவிட்டால், கோளாறு விதியில் இருக்கப் பழி பண்ணைக்காரர்கள் தலையில் விழும்.

2014 வேளாண் சட்டம் நிரந்தரமாக்கிய மேய்ச்சல் நில வறட்சி நிவாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னார் நிலத்தில் புல் எவ்வளவு காய்ந்தது என்று அளந்து இதில் பணம் கணக்கிடுவதில்லை. வியாழன்தோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடம்தான் அளவுகோல். மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் (மாநிலத்துக்குள் உள்ள, நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஏதாவது ஒரு பகுதி 'டி3' என்ற மிகக் கடும் வறட்சியைத் தொட்டாலே மூன்று மாதத் தொகை உண்டு. டி3 நான்கு வாரம் இருந்தாலோ, அதற்கும் மேலான டி4 ஒருமுறை வந்தாலோ நான்கு மாதம். டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து. டி3க்கு ஒரு படி கீழான டி2 நிலை தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால்தான் ஒரு மாதத் தொகை என்றிருந்ததை 2025ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வாரமாகத் தளர்த்திவிட்டது.

நெப்ராஸ்காவின் செர்ரி கவுண்டி 15,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. அதன் ஒரு மூலை காய்ந்தால், மறு மூலையில் நல்ல மழை கண்ட பண்ணையும் தகுதி பெறுகிறது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் வேலி ஒட்டியே காய்ந்து கிடக்கும் நிலத்துக்கு, அந்தக் கவுண்டியின் நிலை ஒரு படி குறைவாக இருந்தால், பணமும் குறைவு.

தொகைக் கணக்கு இப்படி: இருக்கும் மாடுகளுக்கான மாதத் தீவனச் செலவு, நிலம் தாங்கக்கூடிய மாடுகளுக்கான செலவு, இரண்டில் குறைந்ததில் 60 சதவீதம். 300 மாடு வைத்திருந்தாலும் நிலம் 200தான் தாங்கும் என்றால் 200க்குத்தான் பணம். நபருக்கு ஆண்டு வரம்பு 1,25,000 டாலர். வறட்சி கண்டு முந்தைய இரண்டு ஆண்டுகளில் விற்ற மாடுகளையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அவற்றுக்கு மற்ற மாடுகளுக்குக் கிடைக்கும் தொகையில் 80 சதவீதம்தான். புல்லைக் காப்பாற்ற முன்கூட்டியே மந்தையைக் குறைத்தவருக்கே குறைவாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டியலைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வறட்சி ஆண்டுக்கு அடுத்த மார்ச் 1 வரை விண்ணப்பிக்கலாம் என்பதால், பணம் மறு ஆண்டுக் கணக்கில் ஏறுவதும் உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் வறட்சிப் பணம் வாங்கியதுபோல் தெரிய இதுவும் காரணம்.

பட்டியலில் வராத மானியமும் உண்டு. மேய்ச்சல் நில மழைக் காப்பீட்டின் பிரீமியத்தில் 51 முதல் 59 சதவீதம் வரை அரசே கட்டுகிறது. யாருக்காகக் கட்டுகிறது என்ற பெயர்களைச் சட்டம் வெளியிட விடுவதில்லை. நிவாரணம் வாங்கியவர் பெயர் ஊரறியக் கிடைக்கும்போது இதை மட்டும் மறைப்பது அநியாயம்.

அந்தக் காப்பீடு கவுண்டியைப் பார்ப்பதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகை அளவுள்ள கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, அந்தந்தக் கட்டத்தின் மழையைப் பார்க்கிறது. அரசு கையில் ஏற்கெனவே இருக்கும் இந்தக் கட்ட முறையை வறட்சி நிவாரணத்துக்கும் கொண்டுவந்தால், செர்ரி போன்ற பெரிய கவுண்டிகளில் பணம் உண்மையிலேயே காய்ந்த நிலத்தின் பக்கம் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்