முத்தோரைச் சரிவிலிருந்து

ஊட்டி,
தை 6

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. மகளுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி இடம் கிடைத்ததில் பெருமகிழ்ச்சி. ஆனால், "இங்கே இருந்து என்ன சாதிக்கப் போகிறாள்?" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி நான்கு நாளாக மனத்தை அரிக்கிறது.

இங்கே உறைபனிக் காலம். நேற்று முத்தோரை வரை நடந்தேன். தோட்டங்களைத் தாண்டினால், கல்லூரி நாட்களில் நாம் வேலியோரம் நின்று பார்த்த, வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் அதே ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுதான். அதனால் சரிவின் மேல் வடக்கு தெற்காகக் கிடத்தியதுமே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். இதற்காகவே இப்படி ஒரு சரிவைத் தேடிப் பிடித்தார்கள்! வடிவமைத்ததும் கட்டியதும் நம்மவர்களே.

1961-இல், வெளிநாட்டில் இருந்த நான்கு இளம் விஞ்ஞானிகள் தாயகம் திரும்ப விரும்பி இங்குள்ள நிறுவனங்களுக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திவந்த ஹோமி பாபா, ரேடியோ வானியல் குழு அமைக்க முடிவாகிவிட்டது என்று தந்தியே அடித்தார். நால்வரில் ஒருவரான, இந்தத் தொலைநோக்கியை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் 1963-இல் வந்து சேர்ந்தார். அந்தப் பத்தாண்டில் இரண்டு போர்கள், கடும் உணவுத் தட்டுப்பாடு. 1966-இல் பாபாவும் விமான விபத்தில் போய்விட்டார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1970-இல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. வாக்குக் கொடுத்தவர் மறைந்த பிறகும் அந்த வாக்கை ஒரு நிறுவனம் காப்பாற்றியது, செல்வம். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கொடைக்கானலையும் நினைத்துக்கொண்டேன். 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆசையில் பிறந்த ஆய்வகம் அது. அங்கே 1909-இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டது வேறொன்று: சூரியனின் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை. கேட்ட கேள்விக்கு விடை எங்கே என்று ஆய்வகத்தை மூடியிருந்தால், நூறாண்டைத் தாண்டிய சூரியப் படங்கள் இன்று நம்மிடம் இருக்குமா?

என் தம்பி மகனுக்குச் சென்ற ஆண்டு எட்டு மாதம் ஆராய்ச்சி உதவித்தொகை வரவில்லை. கோப்பு மேலே போயிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வட்டிக்குக் கடன் வாங்கிச் சோதனைகளைத் தொடர்ந்தான். அவனிடம் அறிவுக்குக் குறைவில்லை. உன் கோபம் எனக்குப் புரிகிறது. அது நாட்டின் மேல் அல்ல, அந்தக் கோப்பின் மேல் இருக்கட்டும்.

விமானம் ஏறுவதற்கு முன் மகளை இங்கே அழைத்து வா. ஸ்வெட்டர் கொண்டு வரச் சொல். வேலியோரம் அவளோடு நின்று அந்தச் சரிவைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
இராமநாதன்