வேரை வெட்ட யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் அயர்ன் வண்டி வைத்துப் பிழைக்கிறவள் நான். போன மாதம் எங்கள் தெருப் புங்கமரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "சாய்ஞ்சு நின்னுச்சு, ஆபத்தான மரம்" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தானாகச் சாயவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்த மரம் இரண்டாள் உயரம் இருக்கும். என் வீட்டுக்காரர் அதனடியில்தான் வண்டியைப் போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு பெட்டியை நான் பிடித்தேன். எங்கள் தொழிலுக்கு எல்லா மரமும் ஒத்துவராது. நாவல் மரத்தடியில் வெள்ளைச் சட்டையைப் பிரிக்கவே முடியாது, பழக்கறை விழுந்தால் போகாது. வேம்பு பழுக்கும் காலத்தில் காக்காய்கள் துணியைப் பாழாக்கிவிடும். தூங்குமூஞ்சி மரத்தின் காய் பிசுபிசுவென்று ஒட்டும். புங்கம்தான் தோது. மாசி, பங்குனியில் இலை கொட்டும். கொட்டிய கையோடு தளதளவென்று துளிர்த்துவிடும், வெயில் ஏறுவதற்குள் நிழல் திரும்பிவிடும். அப்புறம் பூ. வண்டி மேலும் ரோட்டிலும் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். துணியில் விழுந்தால் தட்டிவிட்டால் போதும், ஒரு கறை இருக்காது.

காலையில் மேற்குப் பக்கம், மத்தியானத்துக்கு மேல் கிழக்குப் பக்கம் என்று நிழலோடு வண்டியை நகர்த்திக்கொள்வேன். கொட்டாங்குச்சிக் கரி கனலும் பெட்டியோடு நாள் முழுக்க நிற்கிற எனக்கு அந்த மரம்தான் கூரை. கீரைக்கார அக்கா கூடையை இறக்கி வைக்கிற இடமும் அதுதான். சாப்பாடு டெலிவரி செய்கிற பிள்ளைகள் அடுத்த ஆர்டர் வரும்வரை அங்கேதான் பைக்கை நிறுத்துவார்கள். மாடி வீட்டுப் பாட்டி சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருவார். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மரத்தடியில் எப்போதும் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கைதான்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் வட்டாரத்தில் மயில்கொன்றைகளும் தூங்குமூஞ்சிகளும் வேரோடு விழுந்தன. புங்கம் இரண்டு கிளையைக் கொடுத்துவிட்டு நின்றது. அப்படி நின்ற மரத்தை மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் ஒரே பகலில் வேரறுத்துவிட்டார்கள். ஜேசிபி வந்து அடிமரத்தை ஒட்டியே வாரியது. தொடை தடிமன் வேர்கள் பிய்ந்து தொங்கியதைப் பார்த்தேன். "இந்தப் பக்கம் வேரே இல்லைன்னா மரம் எப்படிப்பா நிக்கும்?" என்று கேட்டேன். வண்டியைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். அடுத்த நல்ல மழையில் மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. மறுநாளே ரம்பம் வந்துவிட்டது.

அறுத்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். பொந்து இல்லை, பூச்சி அரிக்கவில்லை, வைரம் பாய்ந்த கட்டை. பாட்டி மாடியிலிருந்து இறங்கி வந்து அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு என் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.

வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மாம்பலம் தண்ணீரில் நின்றதை எல்லோரும் அறிவார்கள், வண்டியும் கரியும் நனைந்து பிழைப்பில்லாமல் கிடந்தவள்தான் நானும். ஆனால் மரம் இருக்கிற இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆளை வைத்துத் தோண்டியிருக்கலாம். கால்வாயைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொண்டுபோயிருக்கலாம். மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கள் தெரு வக்கீல் ஐயா சொன்னார். அப்படியானால் வேரை வெட்டுவதற்கு? அதற்கும் அனுமதி வேண்டாமா? மரம் செத்தது ரம்பம் வந்த அன்றைக்கு இல்லை, வேர் போன அன்றைக்கே. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமென்ட் இருந்தால் பெயர்த்து எடுக்க வேண்டும் என்று டெல்லியில் 2013-லேயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதாம். இதையும் அவர்தான் சொன்னார். இங்கே அடிமரம்வரை சிமென்ட் பூசியிருக்கிறது.

இப்போது தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் அதன் கீழே நிற்க முடியவில்லை. விடியற்காலையிலும் ராத்திரியிலும்தான் வேலை.

எங்கள் தெருவின் எதிர்வாடையில் இன்னும் பள்ளம் தோண்டவில்லை. அங்கே ஒரு வேம்பும் இரண்டு புங்கமும் நிற்கின்றன. தோண்ட வருவதற்கு முன்னால் மரம் தெரிந்த ஒருவர் வந்து, எதுவரை தோண்டலாம் என்று சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டுப் போக வேண்டும். போன மரத்தின் இடத்தில் சிலாப் போட்டு மூடிவிட்டார்கள். அதை ஒட்டி இரண்டடி மண் விட்டுக் கொடுத்தால் போதும். புங்கங்கன்று நான் வாங்கி வைக்கிறேன். துணிக்குத் தெளிக்க வண்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கும், அதிலிருந்து ஊற்றி வளர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
அயர்ன் வண்டிக்காரம்மா,
மேற்கு மாம்பலம், சென்னை - 33.