கேன்டிலிவர் பிரேக்கை மாற்றும் முன் லீவரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் ‘பவர் பிரேக்’ மாட்டிவிடுங்கள் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். கடைகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பாதி சரிதான். மீதிப் பாதி, சேலத்துக்குள் கோரிமேட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை போய்வருகிறவருக்குத் தொந்தரவு. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவருக்கு ஆபத்து.

எந்தப் பிரேக்கைப் பற்றிய பேச்சு என்று முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கம்பி பிரேக் போட்ட பழைய கறுப்புச் சைக்கிள் அல்ல. ஃபோர்க்கின் நடு ஓட்டையில் ஒரே போல்ட்டில் தொங்கும் காலிப்பரும் அல்ல. ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் தனித்தனியாகப் பற்றவைத்த ஸ்டட் (குட்டி முளை), ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு கை, இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பி, அதன் நடுவைப் பிடித்து மேலே இழுக்கும் பிரேக் ஒயர். இதுதான் கேன்டிலிவர். 1996இல் ஷிமானோ வி-பிரேக்கைக் கொண்டுவரும் வரை மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. நம் கடைகளில் பவர் பிரேக் என்பது அந்த வி-பிரேக்கைத்தான். இரண்டும் அதே ஸ்டட்டில் உட்காரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வி-பிரேக்கின் கை 10 செ.மீ.க்கும் சற்று அதிக நீளம். ரப்பர் பிரேக் கட்டையைச் சக்கரத்தின் ரிம்மில் சேர்க்க, கேன்டிலிவருக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயரை லீவர் இழுத்தாக வேண்டும். பழைய லீவர் அவ்வளவு இழுக்காது. அதனால் கட்டையை ரிம்முக்கு மிக நெருக்கமாக வைக்க வேண்டிவரும். சக்கரத்தில் கொஞ்சம் கோட்டம் இருந்தாலும் உரசும். தள்ளி வைத்தால் லீவர் ஹேண்டில் பாரில் போய் முட்டும். கட்டை தேயத் தேய இது மோசமாகும். மலையில் பத்தாவது வளைவில் தெரிய வேண்டிய விஷயமல்ல இது.

தலைகீழான தவறு இன்னும் ஏமாற்றும். வி-பிரேக் லீவரை வாங்கி, கீழே பழைய கேன்டிலிவரை அப்படியே விட்டால், பிடிக்கும்போது லீவர் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும். ‘பிரேக் நன்றாக இருக்கிறது’ என்று கை சொல்லும். வண்டி நிற்காது. கையில் தெரியும் இறுக்கம் வேறு, ரிம்மில் விழும் அழுத்தம் வேறு.

லீவரின் வகையை அளந்தே தெரிந்துகொள்ளலாம். லீவர் சுழலும் ஆணியின் மையத்திலிருந்து ஒயரின் முனைக்குண்டு உட்காரும் இடம் வரை 20 முதல் 25 மி.மீ. இருந்தால் அது கேன்டிலிவருக்கும் காலிப்பருக்கும் ஆனது. 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் வி-பிரேக் லீவர். பவர் பிரேக்தான் வேண்டும் என்பவர் இரண்டு லீவரையும் சேர்த்தே மாற்றட்டும். கியர் மாற்றும் விசையும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக இருக்கும் வண்டியில் செலவு அங்கேயே இரட்டிப்பாகும். 80, 85 மி.மீ. கை கொண்ட குட்டி வி-பிரேக் பழைய லீவருடன் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் தடித்த டயரும் மட்கார்டும் அதற்குள் நுழைவது கஷ்டம். தினசரி வேலைக்குப் போகும் வண்டியில் மட்கார்டைக் கழற்றுவதை என்னால் ஏற்க முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

லீவர் நன்றாக இருந்தால் கேன்டிலிவரிலேயே நிற்பதுதான் என் யோசனை. கைகளையே மாற்ற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். கண்ணாடிபோல் இறுகிப்போன ரப்பரும் துருப்பிடித்த ஒயரும்தான் குற்றவாளிகள். நான்கு கட்டை, இரண்டு உள் ஒயர், பிரேக்குக்கான அவுட்டர் (ஒயர் ஓடும் உறை), தேவைப்பட்டால் இரண்டு குறுக்குக் கம்பி: இவற்றை முதலில் மாற்றிப் பார்க்கலாம். அவுட்டர் வாங்கும்போது கியருக்கானதை வாங்கிவிடக் கூடாது. பிரேக் அவுட்டரின் உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் நீளவாக்கில் ஓடும். பிரேக்கின் இழுப்புக்கு அது பிளந்துவிடும்.

கைகள் ஸ்டட்டில் ஆடினாலோ, ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, கட்டையைப் பிடிக்கும் நட்டு வழுக்கினாலோதான் புதுக் கைகள். வாங்கப் போகும் முன் ஸ்டட்டின் மையத்திலிருந்து அடுத்த ஸ்டட்டின் மையம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைய கைகள் சுமார் 80 மி.மீ. இடைவெளிக்குச் செய்யப்பட்டவை. பழைய சைக்கிள் சட்டங்களில் (ஃபிரேம்) அது 60 மி.மீ.யை ஒட்டி இருப்பதுண்டு. அப்படிப்பட்ட சட்டத்தில், மரை போட்ட தண்டும் வாஷர்களும் கொண்ட கட்டைக்குப் பின்னால் நகர இடம் இருக்காது. கை வெளிப்பக்கம் சாய்ந்து நின்றுவிடும். மரையில்லாத வழுவழுப்பான தண்டுக் கட்டையைப் பிடிக்கும் கைதான் அங்கே பொருந்தும். தண்டை வேண்டிய அளவு உள்ளே வெளியே தள்ளி இறுக்கலாம். ஸ்டட்டின் விட்டம் 8 மி.மீ., உள்ளே போகும் போல்ட் 6 மி.மீ. அந்தப் போல்ட்டை முறுக்கித் தள்ளிய வண்டிகளில் ஸ்டட்டின் முனை காளான்போல் உப்பியிருக்கும். புதுக் கை போட்டாலும் சிக்கிக்கொண்டு திரும்பாது. உப்பிய இடத்தை மட்டும் மெல்லிய அரத்தால் எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, கிரீஸ் தடவிய பிறகே மாட்ட வேண்டும். ஸ்டட்டின் அடியில் மூன்று துளைகள் இருந்தால் இரு பக்கமும் ஸ்பிரிங் முனை நடுத்துளையில். ஒரு பக்கம் மேல் துளையிலும் மறுபக்கம் நடுத்துளையிலும் போட்டுவிட்டு, ‘ஒரு கட்டை மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது’ என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

ரிம் விஷயத்தில் ஒன்று. இரும்பு ரிம் நனைந்தால் எந்தப் பிரேக்கும் அரைகுறைதான். ஐப்பசி மழையில் ஓட்டுகிறவர் பிரேக்குக்குச் செலவிடுவதற்குப் பதில் அலுமினிய ரிம்முக்குச் செலவிடலாம். ஆனால் ‘26 அங்குலம்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்று எண் இருக்கும்; பின்னால் வருவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீ.யில். இரண்டுமே 26 அங்குலம்தான். 590க்குப் பதில் 559 போட்டால் ரிம்மின் விளிம்பு 15 மி.மீ.க்கும் மேல் கீழே இறங்கிவிடும். கட்டை அங்கே எட்டாது.

பொருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் சக்கரத்தின் கோட்டம் எடுக்க வேண்டும். கோட்டம் இருந்தால் கட்டையைத் தள்ளி வைக்க வேண்டிவரும். தள்ளி வைத்தால் குறுக்குக் கம்பியை வேண்டிய அளவு இறக்க முடியாது. பிறகு கட்டைகள்: ரிம்மின் மேல் விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே. டயரில் பட்டால் டயர் அறுந்துவிடும். கேன்டிலிவரில் கட்டை தேயத் தேயக் கீழ்நோக்கி இறங்கும், காலிப்பரில் நடப்பதற்கு நேர் எதிர். எனவே தொடக்கத்திலேயே தாழ்வாக வைத்தால் சில மாதத்தில் ரிம்முக்கு அடியில் நழுவி ஸ்போக்ஸுக்குள் போகும். கட்டையின் முன்முனை முதலில் தொட வேண்டும். பின்முனையில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இறுக்கினால் அந்தச் சாய்வு கிடைக்கும், கிறீச்சிடுவதும் குறையும். முன் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கே தடதடவென்று நடுங்கினால் கட்டையை மட்டும் குறை சொல்ல வேண்டாம்: ஒயரைத் தாங்கும் கொக்கி மேலே ஹெட்செட்டில் (ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்தில்) இருப்பதால், ஃபோர்க் வளையும் ஒவ்வொரு முறையும் ஒயர் இழுபடுகிறது. கொக்கியை ஃபோர்க்கின் தலையிலேயே மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாகக் குறுக்குக் கம்பி. பலம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இங்கேதான், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. ஒயர் பிடிக்கும் முக்கோணத் துண்டு உயரே இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போகும். கைகளை உள்ளே மூடும் அழுத்தம் குறையும். கீழே இறக்கினால் கம்பி படுக்கையாகும், அழுத்தம் கூடும், ஆனால் கட்டை நகரும் தூரம் குறையும். சட்டத்தோடு ஒட்டி நிற்கும் ஒடுக்கமான கைகளில் இந்த வித்தியாசம் பெரிது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய அகலக் கைகளில் சிறிது. ஒடுக்கக் கைகளில் கம்பியின் இரு பக்கமும் சேர்ந்து செங்கோணம் ஆகும்படி தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முழு பலத்தோடு பிடித்தால் லீவருக்கும் பாருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் மிஞ்சும் இடத்தில் நிறுத்தலாம். பத்து நம்பர் ஸ்பேனரும் ஐந்து மி.மீ. ஆலன் கீயும் பெரும்பாலும் போதும்.

மட்கார்டைக் கழற்ற வேண்டாம் என்றேன் அல்லவா? முன் பிரேக்கின் ஒயர் அறுந்தால் குறுக்குக் கம்பி டயரின் மேல் விழும். முண்டு முண்டான டயரில் அது சிக்கினால் முன்சக்கரம் அந்த நொடியிலேயே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஹேண்டில் பாரைத் தாண்டிப் பறப்பார். முன் மட்கார்டு அந்தக் கம்பியைத் தாங்கிக்கொள்ளும். அழகுக்காக மட்கார்டு வேண்டாம் என்கிற இளைஞர்கள் ஃபோர்க்கின் தலையில் ரிஃப்ளெக்டர் தாங்கும் தகடு ஒன்றையாவது மாட்டட்டும்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை செங்குத்து இறக்கம் சுமார் 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் வண்டியுமாக 90 கிலோ இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி ரிம்முக்கும் கட்டைக்கும். பிரேக்கைத் தொட்டபடியே இறங்கினால் ரிம் ஆற நேரமே இருக்காது, டியூபில் ஒட்டிய பஞ்சர் ஒட்டு இளகும். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுங்கள்.

புதிதாக மாட்டிய பிரேக்கோடு நேரே மலைக்குப் போகாமல், ஊருக்குள்ளேயே 50 கி.மீ. ஓட்டுங்கள். அவுட்டர் தன் இடத்தில் அமர்ந்து ஒயர் தளரும். லீவர் அருகே இருக்கும் திருகில் இரண்டு சுற்று வெளியே திருப்பினால் சரியாகும். அப்போதே கட்டைகளைக் கழற்றாமல் ரப்பரின் முகத்தைப் பாருங்கள். பளபளவென்று அலுமினியத் துணுக்குகள் புதைந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள். விட்டால் அவை ரிம்மை இழைத்துவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
அம்மாபேட்டை, சேலம்.