ஆக்சிஜன் சென்சாரை உடனே மாற்றாமல் சோதிப்பது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ‘செக் என்ஜின்’ விளக்கு எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவருபவர்களில் சிலர், வேறோர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்ற முடிவோடும், சில வேளைகளில் இணையத்தில் வாங்கிய புதிய சென்சாரோடுமே வருகிறார்கள். அதை உடனே மாட்டித் தராமல் சோதனைக்கு நேரம் கேட்பதன் காரணத்தை விளக்கவே இம்மடல்.

இந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மட்டுமே அது உணர்கிறது. பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்பதை அதிலிருந்து ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணித்துக்கொள்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதற்கு மிஞ்சினால் ‘லீன்’, குறைந்தால் ‘ரிச்’ என்கிறோம்.

1976இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக அறிமுகமாகி, இன்றும் பரவலாக இருப்பது சிர்கோனியா வகை. அதன் செராமிக்கின் ஒருபுறம் புகையும் மறுபுறம் வெளிக்காற்றும் இருக்க, 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இருபுற ஆக்சிஜன் வேறுபாடு மின்னழுத்தமாக மாறுகிறது. ரிச்சாக இருந்தால் 0.9 வோல்ட் அளவிலும், லீனாக இருந்தால் 0.1 வோல்ட் அளவிலும் நிற்கும்; நடுவில் 0.45 வோல்ட்டை ஒட்டிச் சட்டெனத் தாவும். எந்தப் பக்கம் என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே ஈசியு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே இருக்க, ஸ்கேனரில் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். ஒரே இடத்தில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாருக்கு இது பொருந்தாது. அது அசையாமல் இருப்பதே நல்லது.

மேற்சொன்ன வெளிக்காற்று, பல சென்சார்களில் வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. அறுந்த வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபட்டு, நல்ல சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும்.

பழைய நிசான் கார்கள் சிலவற்றில் வரும் டைட்டானியா வகை, மின்னழுத்தத்தை உண்டாக்குவதில்லை. புகைக்கேற்பத் தன் மின்தடையை மட்டும் மாற்றிக்கொள்ளும். அதன் இடத்தில் சிர்கோனியா வேலை செய்யாது.

புதிய கார்கள் பலவற்றில் இருக்கும் வைட்பேண்ட் வகையே ‘எவ்வளவு’ என்பதையும் சொல்வது. அதனுள் இருக்கும் சிறு அறையில் கலவை எப்போதும் சரியளவில் நிற்கும்படி, மின்சாரத்தைக் கொண்டு ஆக்சிஜனை வெளியேற்றவோ உள்ளே இழுக்கவோ செய்கிறார்கள். அதற்குச் செலவாகும் மின்னோட்டமே அளவு. கலவை சரியாக இருந்தால் அது பூச்சியம். பொதுவாக இதற்கு ஐந்து வயர் இருக்கும் என்றாலும், டொயோட்டா கார்கள் சிலவற்றில் நான்கே வயரோடு, பார்ப்பதற்குச் சாதாரண சிர்கோனியா போலவே இருக்கும். வயரை எண்ணி வாங்கிய சென்சாரோடு அண்மையில் ஒருவர் வந்தார். திருப்பி அனுப்பும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

சோதனையில் நாங்கள் முதலில் தேடுவது இரண்டை. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனால், அதாவது அதில் பெட்ரோல் பற்றாமல் போனால், எரியாத பெட்ரோலோடு செலவாகாத ஆக்சிஜனும் வெளியேறும்; சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும் என்பதால் அது ‘லீன்’ என்கிறது, ஈசியு மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது, மைலேஜ் போகிறது. அதேபோல், என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்ட் குழாயின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தால், புகை விட்டுவிட்டு வரும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே புகுந்து அதே பொய்யைச் சொல்ல வைக்கும். இணைப்பில் கரிக்கோடு தெரிந்தால் காரணம் அதுதான். இவ்விரண்டிலும் புதிய சென்சாரும் பழையது சொன்னதையே சொல்லும்.

இத்தகைய கசிவு, உலோகம் சூடேறி விரிவதற்கு முன்புதான் தெளிவாகக் கேட்கும். ஆகவே காலையில் குளிர்ந்த என்ஜினிலேயே சோதிக்க வசதியாக வண்டியை முதல் நாள் மாலையே விட்டுச்செல்லுமாறும், புதிய சென்சார் வாங்கியிருந்தால் அதன் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பணிமனைப் பொறுப்பாளர்