படகோடு வந்த அண்ணாச்சிகளுக்கு

ஏரல் பக்கம் தாமிரபரணிக் கரையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆற்று வெள்ளம் பத்தாதென்று குளங்களும் உடைந்து, எல்லாம் சேர்ந்து ஊருக்குள் வந்தது. அன்றைக்குச் சொல்ல வாய் வராத நன்றியை இப்போது சொல்கிறேன்.

காலையில் மார்கழிப் பாட்டுப் போட்ட அதே கோயில் மைக்கில், "சாமான் கிடக்கட்டும், எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறுங்க. மாட்டை அவுத்து விடுங்க" என்று விடாமல் கூப்பிட்ட பெரியவருக்கு முதல் கும்பிடு. அவிழ்த்துவிட்ட எங்கள் பசு மூன்றாம் நாள் தானாக வந்து வாசலில் நின்றது. கட்டிப்போட்ட மாடுகள் பிழைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் டிரான்ஸ்பார்மரை நிறுத்திய தம்பி, உன்னால்தான் தண்ணீரில் கிடந்த கம்பி யாரையும் கொல்லவில்லை.

அப்புறம், தூத்துக்குடியிலிருந்து லாரியில் படகை ஏற்றிவந்த மீனவ அண்ணாச்சிகள். கடலில் ஓட்டுகிறவர்களுக்கு வாழைத்தோட்டத்துக்கு மேலே ஓட்டுவது புதுசு. தண்டும் வேலிக்கம்பியும் சிக்கும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு, மூங்கில் கழியால் ஆழம் பார்த்துப் பார்த்துத் தள்ளி வந்தீர்கள். முதல் நடையில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். நாங்கள் முண்டியடித்திருந்தால் படகே கவிழ்ந்திருக்கும்.

பக்கத்து மேட்டுத்தெருக்காரர்கள் எங்களுக்குச் சோறு பொங்கினார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயில் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் பொங்கிப் போட்டதை நாடே பேசியது. எங்கள் மதினிமார் பொங்கியதைப் பேச ஆளில்லை, அதனால் நான் சொல்கிறேன். தங்கள் வீட்டு அரிசிப் பானை அடி தெரிகிறவரை பொங்கினார்கள். குடிதண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தனுப்பினார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்களையும், கம்பம் நட்ட மின்வாரியத் தொழிலாளர்களையும் மறக்க மாட்டோம்.

படகில் எங்கள் ஆச்சியின் காலில் தகரம் கிழித்தபோது தோளில் கிடந்த நீலத் துண்டைக் கட்டிவிட்ட அண்ணாச்சி, அந்தத் துண்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆச்சி துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள்.